ஒப்புமை விழுக்காடும் உண்மையும்: பொதுநிதி ஆராய்ச்சியில் முறைகேடும் அதன் பின்விளைவும்

முன்னுரை

மக்களின் வரிப்பணத்தில் நடைபெறும் ஆராய்ச்சியில் முறைகேடு ஒன்று வெளிப்படும்போது முதலில் எழும் வினா, தவறிழைத்தவருக்கு என்ன தண்டனை என்பதாகும். அவ்வினா இன்றியமையாததே. ஆயின் அதனோடு சேர்ந்து எழவேண்டிய மற்றொரு வினா பெரும்பாலும் எழுவதே இல்லை. அவர் எழுதி வெளியிட்டவை என்னவாயின? அவற்றை நம்பி மேற்கோள் காட்டியவர்களுக்கு யார் அறிவித்தனர்? நூலக அடுக்குகளிலும் இணையச் சேமிப்பகங்களிலும் அவை இன்னும் உண்மை போலவே நிற்கின்றனவா?

தண்டித்தல் ஒரு கடமை. திருத்துதல் மற்றொரு கடமை. முன்னது தவறிழைத்தவரைப் பற்றியது. பின்னது அறிவுத்துறையின் பதிவேட்டைப் பற்றியது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதால், நம் நாட்டில் இரண்டாவது கடமை ஏறத்தாழக் கைவிடப்பட்டுள்ளது என்பதும், தமிழாய்வு அதிலிருந்து விலகி நிற்கவில்லை என்பதும் இக்கட்டுரையின் கருத்து. இதனை விளக்க இரண்டு அறிவியல் நிகழ்வுகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் வெளிச்சத்தில் நம் துறையின் நிலையை நோக்கலாம்.

ஆராய்ச்சி முறைகேடு என்பதற்கு அமெரிக்க நடுவண் அரசு 2000ஆம் ஆண்டில் வகுத்த வரையறை உலகில் பரவலாக எடுத்தாளப்படுவது. இல்லாத தரவை உண்டாக்கும் புனைதல், இருக்கும் தரவை மாற்றியோ மறைத்தோ காட்டும் திரித்தல், பிறர் எழுத்தையும் கருத்தையும் தமதாகக் காட்டும் கருத்துத் திருட்டு என மூன்றனை அது சுட்டுகிறது. நேர்மையான பிழையும் கருத்து வேறுபாடும் இதனுள் அடங்கா. கருத்துத் திருட்டில் உரிமை இழப்பவர் ஓர் ஆசிரியர். புனைதலிலும் திரித்தலிலும் உண்மையே இழக்கப்படுகிறது. இவ்வேறுபாடு கட்டுரையின் பிற்பகுதிக்குத் தேவைப்படும்.

வெர்மாண்ட்: தண்டனையும் திருத்தமும்

எரிக் போல்மன் அமெரிக்காவின் வெர்மாண்ட் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். முதுமை, உடற்பருமன், மாதவிடாய் நின்றபின் பெண்களின் உடலில் நிகழும் மாற்றங்கள் ஆகியன அவருடைய ஆய்வுக்களங்கள். அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் அவருக்குத் தொடர்ந்து நிதி நல்கின. 2000ஆம் ஆண்டில் அவருடைய ஆய்வகத்தில் பணியாற்றிய வால்ட்டர் டெனினோ என்னும் இளம் உதவியாளர், முதியோரின் இரத்தக் கொழுப்பளவுகளை ஆண்டுகள் இடைவிட்டு ஒப்பிடும் பணியில் இருந்தார். கிடைத்த எண்கள் எதிர்பார்த்த முடிவுக்கு மாறாக இருந்தன. பேராசிரியர் அத்தரவுக்கோப்பை வாங்கிச்சென்று 'திருத்தி'த் திருப்பித் தந்தபோது, எண்கள் அவருடைய கருதுகோளுக்கு இசைவாக மாறியிருந்தன. டெனினோ செய்தது எளிய செயல். பங்கேற்பாளர்களின் மூலப் பதிவேடுகளை எடுத்து, புதிய எண்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். பொருந்தவில்லை. பல்கலைக்கழகத்திடம் முறையிட்டார்.

அப்போது அவருக்கு வயது 24. எதிர்நின்றவர் புகழ்பெற்ற பேராசிரியர். பல்கலைக்கழகத்திற்குப் பெருநிதி கொணர்ந்தவர். டெனினோவின் வழிகாட்டியாகவும் இருந்தவர். போல்மன் நெடுங்காலம் குற்றத்தை மறுத்தார். இறுதியில், நடுவண் அரசுக்கு அளித்த 17 நிதி விண்ணப்பங்களில் புனைந்த தரவுகளைச் சேர்த்ததை 2005இல் ஒப்புக்கொண்டார். அவ்விண்ணப்பங்களின் வழி அவர் பெற்ற பொதுநிதி ஏறத்தாழ 29 இலட்சம் டாலர். 1995இல் ஒரு முன்னணி மருத்துவ இதழில் வெளிவந்த மாதவிடாய் நிறுத்தம் பற்றிய அவருடைய கட்டுரை, ஒரே பெண்களை ஆண்டுகள் கழித்து மீண்டும் சோதித்ததாகக் கூறியது. அம்மறுசோதனைகளுள் பெரும்பாலானவை நடைபெறவே இல்லை. 2006 சூன் திங்களில் நீதிமன்றம் அவருக்கு ஓராண்டும் ஒருநாளும் சிறைத்தண்டனை விதித்தது. நடுவண் அரசின் ஆராய்ச்சி நிதியை வாழ்நாள் முழுவதும் பெற இயலாதவாறு தடை செய்யப்பட்டார். நிதி விண்ணப்பத்தில் பொய்த்தரவு அளித்தமைக்காக அமெரிக்காவில் சிறைசென்ற முதல் பல்கலைக்கழக ஆய்வாளராக அவர் சுட்டப்படுகிறார்.

இந்நிகழ்வைக் கூறுவோர் பெரும்பாலும் சிறைத்தண்டனையோடு நிறுத்திவிடுவர். அறிவுத்துறை நோக்கில் அதனினும் முதன்மையானது வேறொன்று. 1992 முதல் இயங்கிவரும் ஆராய்ச்சி நேர்மை அலுவலகம் என்னும் அரசு அமைப்பு, பல்கலைக்கழகத்தின் விசாரணையை ஆராய்ந்து தன் முடிவுகளை வெளிப்படையாக அறிவித்தது. உடன்பாட்டின் ஒரு பகுதியாக, திரும்பப் பெறவோ திருத்தவோ வேண்டிய 10 கட்டுரைகள் பெயர் சுட்டிக் கூறப்பட்டன. அவற்றை வெளியிட்ட இதழ்களுக்குப் போல்மனே எழுத வேண்டியதாயிற்று. எது பொய்யானது என்பதை அடுத்த தலைமுறை ஆய்வாளர் அறிவதற்கு வழி ஏற்பட்டது. எஞ்சிய கட்டுரைகளின்மீது நிழல் படிந்ததும் உண்மையே. எனினும் நோயின் எல்லை குறிக்கப்பட்டது.

இமயம்: தண்டனையுமின்றித் திருத்தமுமின்றி

இரண்டாவது நிகழ்வு நம் நாட்டினது. சண்டிகரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் தொல்லுயிரியலாளர் விஸ்வஜித் குப்தா, 1960கள் தொடங்கி ஏறத்தாழக் கால்நூற்றாண்டுக் காலம் இமயமலையின் புதைபடிவங்களைப் பற்றி 300க்கும் மேற்பட்ட கட்டுரைகளை வெளியிட்டார். உள்நாட்டிலும் வெளிநாடுகளிலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் அவருடன் இணையாசிரியராயினர். அவர்களுட் பலர் படிவங்கள் கிடைத்ததாகக் கூறப்பட்ட இடங்களைக் கண்டவரல்லர். அனுப்பப்பட்ட மாதிரிகளை நேர்மையாக ஆராய்ந்து பெயரிட்டவர்கள் அவர்கள். மாதிரி எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் நம்பி ஏற்றுக்கொண்டனர்.

ஆஸ்திரேலியாவின் மக்வாரி பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜான் டேலண்ட் இவற்றை ஆராய்ந்து, இந்திய அறிஞர் சிலரும் உடனிருக்க, தம் ஐயங்களைத் தொகுத்தார். 1987இல் கனடாவின் கால்கரி நகரில் நடந்த பன்னாட்டுக் கருத்தரங்கில் அவை வெளிப்பட்டன. 1989 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் அவர் எழுதிய கட்டுரை உலகின் கவனத்தை ஈர்த்தது. இமயத்தில் கிடைத்தனவாகக் காட்டப்பட்ட நுண்புதைபடிவங்கள், நியூயார்க் மாநிலத்தின் ஓர் ஓடைக்கரையில் கிடைப்பவற்றோடு ஒத்திருந்தன. அம்மோனைட் வகைச் சுருள்வடிவப் படிவங்கள் மொராக்கோ நாட்டிலிருந்து உலகச் சந்தைக்கு வரும் படிவங்களோடு ஒத்திருந்தன. ஒரே மாதிரியின் படம் வெவ்வேறு கட்டுரைகளில் வெவ்வேறு இடத்துக்குரியதாகக் காட்டப்பட்டிருந்தது. படிவங்கள் பொய்யல்ல, அவை கிடைத்த இடமே பொய் என்பது குற்றச்சாட்டின் சாரம்.

குப்தா குற்றச்சாட்டுகளை மறுத்தார். பல்கலைக்கழகம் ஓய்வுபெற்ற நீதியரசர் ஒருவரைக் கொண்டு விசாரித்தது. விசாரணையில் குற்றம் உறுதியானது. ஆயினும் அவர் பணிநீக்கம் செய்யப்படவில்லை. பணிக்காலம் முடியும்வரை பல்கலைக்கழகத்திலேயே தொடர்ந்தார். அதனினும் வருந்தத்தக்கது, அவருடைய கட்டுரைகளுள் பெரும்பாலானவை முறைப்படித் திரும்பப் பெறப்படவே இல்லை என்பதாகும். இமயத்தின் தொல்பழங்கால வரலாற்றை எழுதப் புகும் இளம் ஆய்வாளர் ஒருவர், 1989இன் விவாதத்தை அறியாதிருப்பின், இன்றும் அக்கட்டுரைகளை நம்பி மேற்கோள் காட்டக்கூடும். அறிந்தவரோ அக்காலப் பதிவுகள் அனைத்தையும் ஐயுற்று, உண்மையானவற்றையும் சேர்த்தே ஒதுக்க நேரிடும். பொய் தன்னளவில் செய்யும் கேட்டினும், எது பொய் என்று குறித்துவைக்கப்படாமை செய்யும் கேடு பெரிது.

2018 விதிமுறைகளின் எல்லை

இவ்விரு நிகழ்வுகளுக்குப்பின் நம் உயர்கல்வி உலகம் என்ன செய்தது? பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கல்விசார் நேர்மையை வளர்ப்பதற்கும் கருத்துத் திருட்டைத் தடுப்பதற்கும் விதிமுறைகளை வெளியிட்டது. அவை நான்கு நிலைகளை வகுக்கின்றன. 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 விழுக்காடு வரை ஆய்வேட்டைத் திருத்தி ஆறு மாதத்துக்குள் மீண்டும் அளிக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை ஓராண்டுத் தடை. 60க்கு மேற்படின் பதிவு நீக்கம். வெளியிடப்பட்ட கட்டுரையாயின், அதனைத் திரும்பப் பெறுவதோடு ஆசிரியரின் ஊதிய உயர்வை நிறுத்துதல், புதிய ஆய்வாளரை நெறிப்படுத்தத் தடை ஆகியனவும் உண்டு.

இவ்விதிமுறைகள் பயனற்றவை என்பது நம் கருத்தன்று. பிறர் ஆய்வேட்டை முழுதாகப் படியெடுத்துத் தம் பெயரிட்டு அளிக்கும் துணிவு இவற்றால் ஓரளவு குறைந்துள்ளது. எனினும் இவற்றின் எல்லையை நாம் உணர வேண்டும். 'கல்விசார் நேர்மை' என்பதற்கு விதிமுறைகள் தரும் விளக்கம் பரந்தது. ஆய்வை முன்மொழிதல், நிகழ்த்துதல், அறிவித்தல் அனைத்திலும் அறிவு நேர்மை வேண்டும் என்கிறது. தண்டனைப் படிநிலைகளோ முற்றிலும் ஒப்புமை விழுக்காட்டின்மீதே நிற்கின்றன. புனைதலுக்கும் திரித்தலுக்கும் அங்கே படிநிலை இல்லை.

இதன் விளைவு வியப்புக்குரியது. பிறர் எழுதியதைப் படியெடுத்தவர் மென்பொருளில் அகப்படுவார். இல்லாத தரவைத் தாமே புனைந்து எழுதியவருக்கோ ஒப்புமை விழுக்காடு மிகக் குறைவாகவே வரும். ஏனெனில் அத்தரவு உலகில் வேறெங்கும் இல்லை. போல்மனின் நிதி விண்ணப்பங்களையும் குப்தாவின் கட்டுரைகளையும் இன்றைய மென்பொருளில் இட்டிருந்தால், அவர்களைப் பிடித்த குற்றத்திற்காக அது அவர்களைப் பிடித்திருக்காது. ஆயினும் 'ஒப்புமை 8 விழுக்காடு' என்னும் சான்றிதழ், ஆய்வேட்டின் உண்மைக்கே சான்றளித்தது போல நம் துறைகளில் ஏற்கப்படுகிறது.

தமிழாய்வின் நிலை

இவை ஆய்வகம் சார்ந்த அறிவியலுக்குரிய சிக்கல்கள், இலக்கிய ஆய்வுக்கு இவற்றால் ஆவதென்ன என்று கேட்போர் உளர். தமிழாய்வும் தரவின்மீதே நிற்கிறது. கல்வெட்டு எந்தக் கோயிலின் எச்சுவரில் உள்ளது, சுவடி யாரிடமிருந்து பெறப்பட்டது, வழக்குச்சொல் எவ்வூரில் யாரிடம் கேட்கப்பட்டது, கதைப்பாடலைப் பாடியவர் யார் ஆகியனவே நம் தரவுகள். இமயப் படிவத்தில் பொய்யாக்கப்பட்டது 'கிடைத்த இடம்' என்னும் ஒரு செய்தியே. நம் தரவுகள் அனைத்திலும் உயிர்நிலை அதுதான்.

நம் வரலாற்றிலும் இதற்குப் படிப்பினை உண்டு. பதினெண்கீழ்க்கணக்கின் நூல்களை எண்ணும்போது கைந்நிலையா இன்னிலையா என எழுந்த விவாதம் யாவரும் அறிந்தது. இன்னிலையை வ.உ.சிதம்பரனார் நல்லெண்ணத்தோடு உரை எழுதிப் பதிப்பித்தார். அந்நூல் பழையதன்று, பிற்காலத்தில் எவரோ புனைந்தது என்னும் முடிவுக்கு அறிஞர் பலர் வந்தனர். கைந்நிலை கீழ்க்கணக்கில் இடம்பெற்றது. விடுதலைப் போராட்டத்தில் தம் செல்வமனைத்தும் இழந்த ஒருவரின் நேர்மையை எவரும் ஐயுறார். ஏடு தந்தவரை நம்பியதே அவருக்கு நேர்ந்தது. குப்தாவின் இணையாசிரியர்களுக்கு நேர்ந்ததும் அதுவே. முறைகேட்டின் முதற்பலி பெரும்பாலும் நேர்மையாளரே. இன்னிலை பற்றிய ஐயம் அச்சிலேயே விவாதிக்கப்பட்டதால், பின்வந்தோர் அதனை எச்சரிக்கையோடு அணுக முடிந்தது. திருத்தம் என்னும் கடமையை அக்கால அறிஞருலகம் தன் வழியில் நிறைவேற்றியது.

இன்றைய நிலைக்கு இக்கட்டுரையாளரின் பட்டறிவொன்றைக் கூறுதல் பொருந்தும். சில ஆண்டுகளுக்குமுன் ஒரு பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறவியல் ஆய்வேடொன்றின் வாய்மொழித் தேர்வுக்குப் புறத்தேர்வாளராகச் செல்ல நேர்ந்தது. பின்னிணைப்பில் தகவலாளர் பட்டியல் முறையாக இருந்தது. ஒப்புமை விழுக்காடு விதித்த அளவினும் மிகக் குறைவு. ஆனால் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு அகவையினர் கூறியனவாகத் தரப்பட்ட கதைகள் அனைத்தும் ஒரே குரலில் ஒலித்தன. ஒரே வகைத் தொடக்கம், ஒரே வகைச் சொல்லாட்சி. ஒலிப்பதிவுகளைக் கேட்கலாமா என்று வினவியபோது, கைப்பேசி பழுதாகி அவை அழிந்துவிட்டன என்னும் விடை வந்தது. அவ்விடை உண்மையாகவும் இருக்கலாம். சோதிக்க வழியில்லை; பதிவுகளைத் துறையில் ஒப்படைக்க வேண்டும் என்னும் விதியும் இல்லை. அரங்கில் ஆய்வாளரின் பெற்றோர் அமர்ந்திருந்தனர். அரசு உதவித்தொகையில் படித்து, அக்குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவர் அவர். ஐயத்தை அறிக்கையில் எழுதாமலே இக்கட்டுரையாளரும் கையொப்பமிட்டார்.

அக்கையொப்பம் இரக்கத்தால் இடப்பட்டது என்று நெடுநாள் தேற்றிக்கொண்டதுண்டு. இன்று எண்ணிப்பார்க்கையில் அது தவறென்றே படுகிறது. அக்கதைகள் உண்மையாயின், அவற்றின் மெய்ம்மையை நிறுவும் வாய்ப்பு அவ்வாய்வாளருக்கு மறுக்கப்பட்டது. பொய்யாயின், அவை அம்மக்களின் கதைகளாக இனிவரும் ஆய்வேடுகளில் மேற்கோளாகும். இரு வழியிலும் இழப்பு நேர்ந்தது. டெனினோ 24 வயதில் மூலப்பதிவேட்டைத் திறந்து பார்த்தார். பல ஆண்டுப் பணிப்பட்டறிவு உடையவர், திறக்கப் பதிவேடே இல்லாத நிலையை எதிர்த்து ஒரு வரியும் எழுதவில்லை.

செய்யத்தக்கன

முதலாவது, மூலத்தரவை ஒப்படைத்தல். களஆய்வு சார்ந்த ஒவ்வோர் ஆய்வேட்டோடும் ஒலிப்பதிவு, களக்குறிப்பேடு, சுவடி அல்லது கல்வெட்டின் ஒளிப்படம் ஆகியவற்றின் படியைத் துறை நூலகத்தில் சேர்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். தகவலாளரின் தன்மறைப்புக்கு ஊறு நேராவண்ணம் அவற்றைத் தேர்வாளரும் பின்வரும் ஆய்வாளரும் மட்டும் பார்க்கலாம். இதற்குப் பெருஞ்செலவில்லை. பழுதாகும் கைப்பேசிகளிடமிருந்து நேர்மையான ஆய்வாளரைக் காப்பதும் இதுவே.

இரண்டாவது, திரும்பப் பெறும் மரபு. நம் தமிழாய்விதழ்களில் 'இக்கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது' என்னும் அறிவிப்பைக் காண்பது அரிது. தவறுகள் நேரவில்லை என்பது இதன் பொருளன்று. நேர்மையான பிழையைத் தாமே அறிவிப்பவருக்கும், முறைகேட்டால் கட்டுரை நீக்கப்படுபவருக்கும் இடையேயுள்ள வேறுபாடு அறிவிப்பிலேயே தெளிவாகக் கூறப்படுமாயின், திரும்பப் பெறுதல் இழிவாகக் கருதப்படாது.

மூன்றாவது, விசாரணையின் சார்பின்மை. ஒரு துறையின் முறைகேட்டை அத்துறையின் தலைவரே விசாரிக்கும் அமைப்பில், நிறுவனத்தின் நற்பெயரைக் காக்கும் விருப்பமே மேலோங்கும். 2018 விதிமுறைகளின்படி அமையும் நிறுவனக் குழுவில் வெளியார் ஒருவர் இடம்பெறுவது நல்ல தொடக்கம். அக்குழுவின் அதிகாரம் புனைதலுக்கும் திரித்தலுக்கும் விரிய வேண்டும். முடிவுகள் கோப்புக்குள் உறங்காமல் வெளியிடப்பட வேண்டும். முறையிடும் இளையோரின் ஆய்வும் உதவித்தொகையும் நெறியாளரின் தயவில் இருக்கும்வரை எவரும் வாய் திறவார். ஆதலின் முறையீடு அளித்த நாளிலேயே அவருக்கு மாற்று நெறியாளரை அமர்த்த விதி வேண்டும்.

நான்காவது, கூட்டுப்பொறுப்பு. பெயரைச் சேர்த்துக்கொண்டவர் புகழில் பங்கு பெறுவதுபோலப் பொறுப்பிலும் பங்கு பெற வேண்டும். மூலத்தரவைக் காணாத கட்டுரையில் நெறியாளர் தம் பெயரைச் சேர்க்கலாகாது. இவ்விதியைத் தேர்வாளருக்கும் நீட்டலாம். இக்கட்டுரையாளர் அதற்கு விலக்கல்லர்.

நிறைவுரை

1894இல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, தமக்குக் கிடைத்த ஏடுகள் எங்கெங்கிருந்து, எவரெவரிடமிருந்து வந்தவை என்பதை முகவுரையில் எழுதிவைத்தார். 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அவ்வெண்கள் வெற்றிடமாகவே நின்றன. சிதைந்த பாடல்களில் அழிந்துபோன சீர்களுக்கு ஈடாகப் புள்ளிகள் இடப்பட்டன. சங்கச் செய்யுளின் ஓசையும் சொல்லும் அவருக்கு இருந்த அளவுக்குக் கைவந்தவர் வேறெவரும் இலர். ஒரு சீரைப் புனைந்து நிரப்பியிருந்தால் கண்டுபிடித்திருக்கக் கூடியவர் அன்று எவரும் இருந்திரார். அவர் நிரப்பவில்லை.

நடைபெறாத மறுசோதனைகளுக்கு எண்களை எழுதி நிரப்பினார் வெர்மாண்டின் பேராசிரியர். தரவு இல்லாத இடத்தில் புள்ளியிட்டு நிறுத்தும் துணிவை ஆய்வாளருக்குக் கற்பிப்பதும், அவ்வாறு நிறுத்தியவரின் ஆய்வேட்டைக் குறைவுடையதெனத் தள்ளாமல் மதிப்பதும் தமிழ்த்துறைகளின் கடமையாகும். ஒப்புமை விழுக்காட்டைக் கணிக்க மென்பொருள் உண்டு. அப்புள்ளிகளைக் காக்க நாமே வேண்டும்.